உழைப்பின் ஐந்தொகை

(அங்கத்தினர் படிப்பு வட்டங்களுக்குரிய பாடம்)

ஆண்டு முடிவில் சங்கத்தின் கணக்கு தணிக்கையாகி, ஐந்தொகை அச்சாகி, பொதுக்குழுவின் முன் வைக்கப்படுகிறது. பொறுப்புகள் ஒரு பக்கம். சொத்துகள் மறு பக்கம். இருப்பில் உள்ள நூல் எவ்வளவு, விற்காத சரக்கு எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று அங்கத்தினர் வரிவரியாகக் கேட்கின்றனர். அவ்வாறு கேட்பது அவர்களது உரிமை; கடமையுமாகும். ஆனால் நம்மில் எத்தனை பேர் நமது உழைப்பிற்கு ஓர் ஐந்தொகை எழுதிப் பார்த்திருக்கிறோம்? நிலமும் தறியும் இல்லாதவருக்கும் கையும் கண்ணும் அறிவும் உண்டு. அவையே முதல். அந்த முதல் வளர்கிறதா, தேய்கிறதா, இன்னும் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதற்குக் கூலி கொடுப்பார் உண்டா என்பதைக் கணக்கிட்டு அறியும் முறையைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

1. நமது ஊர் கற்பித்த பாடம்

இந்தப் பாடத்திற்குப் புதுச்சேரி நகரை விடச் சிறந்த உதாரணம் வேறு வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நமது பகுதியின் நெசவாளரும் சாயக்காரரும் உருவாக்கிய நீலத் துணி கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரை சென்றது. ‘கினே’ என்று பிரெஞ்சில் வழங்கிய அத்துணி, செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாணிகம் செய்தவரிடையே நாணயத்தைப் போலவே கைமாறிற்று. அவ்வளவு நம்பிக்கை அந்தச் சாயத்தின் மேல்! ஆனால் அந்தப் பெருமைக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருந்தது. ஒரே வகைத் துணி. அதை வாங்கியதும் பெரும்பாலும் ஒரே சந்தை. ஐரோப்பிய ஆலைகளும் அதே நீலத் துணியை நெய்யத் தொடங்கின. 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் தொழிற்சாலைச் சரக்காக விற்பனைக்கு வந்தது. அவுரி பயிரிட்டவரும் தொட்டியில் சாயம் தோய்த்தவரும் ஒருங்கே தளர்ந்தனர். அவர்களது திறமையில் குறைவு ஏற்படவில்லை. அந்தத் திறமையை வாங்குவோர் தாம் குறைந்தனர். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துக.

கைத்தறியின் பக்கத்திலேயே ஆலைகளும் எழுந்தன. 1820களின் இறுதியிலேயே இங்கு இயந்திர நூற்பும் நெசவும் தொடங்கிவிட்டன. பின்னாளில் சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று ஆலைகளும் நகரின் உயிர்நாடியாக விளங்கின. இவற்றுள் ரோடியர் ஆலை 1898இல் தோன்றியது; அதுவே ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், அதாவது ஏ.எப்.டி. என நாம் அனைவரும் அறிந்த ஆலை. சவானா பிற்காலத்தில் சுதேசி மில்லாயிற்று. கெப்ளே பாரதி மில்லாயிற்று. ஆலைச் சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே முதலியார்பேட்டையில் அடுப்பு மூட்டிய காலம் உண்டு.

அந்த ஆலைத் தொழிலாளர் தமது உரிமைக்காகக் கொடுத்த விலை சிறிதன்று. 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 12 பேர் உயிர் துறந்தனர். வ. சுப்பையா முதலியோர் நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, மறு ஆண்டு, 1937இல், எட்டு மணி நேர வேலை இங்கு சட்டமாயிற்று.

அத்தகைய ஆலைகளும் நிலைத்து நிற்கவில்லை. பழைய இயந்திரங்கள், விசைத்தறியின் போட்டி, ஆண்டுதோறும் பெருகிய நஷ்டம் ஆகியவை ஒன்று சேர்ந்தன. அரசே ஏற்று நடத்தியும் ஆலை மீளவில்லை. 2011 டிசம்பர் 30இல் அடித்த தானே புயல் ஏ.எப்.டி. ஆலைக் கட்டடங்களையும் இயந்திரங்களையும் சிதைத்தது. இறுதியில் 2020 ஏப்ரல் 30ஆம் நாளோடு அந்த ஆலை மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளின் சங்கும் ஓய்ந்துவிட்டது.

இதைப் படிப்பவர் ஒன்றைத் தவறாகக் கொள்ளலாகாது. ஆலை மூடியதற்குத் தொழிலாளரது திறமைக் குறைவே காரணம் என்று நாம் கூறவில்லை. முதலீடு செய்வதும் இயந்திரத்தைப் புதுப்பிப்பதும் சந்தையைத் தேடுவதும் அவர்கள் கையில் இருக்கவில்லை. ஆயினும் ஆலை மூடிய மறுநாள் காலையில் எல்லாத் தொழிலாளரும் ஒரே நிலையில் இருந்திருக்க முடியாது. மின்கம்பி வேலை அறிந்தவரது திறமை எந்தத் தொழிற்கூடத்திலும் செல்லும். கொதிகலன் இயக்கச் சான்றிதழ் உள்ளவரது திறமை சர்க்கரை ஆலையிலும் செல்லும். சாராய ஆலையிலும் செல்லும். முப்பது ஆண்டுகள் ஒரே வகைப் பழைய இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் நின்றவரது திறமையோ, அந்த இயந்திரம் பழைய இரும்பாக எடைக்குப் போகும்போது அதனுடனேயே போய்விடுகிறது. அவரும் உழைப்பில் குறைந்தவர் அல்லர். கற்க அவருக்கு வாய்ப்பளிப்பார் இல்லை. கற்க வேண்டும் என்று சொல்வாரும் இல்லை.

2. வேலை, தொழில், திறமை

இம்மூன்றையும் நாம் பேச்சில் ஒன்றாகவே வழங்குகிறோம். ஐந்தொகை எழுதுமுன் இவற்றைப் பிரித்தறிதல் அவசியம்.

வேலை என்பது இன்று ஒருவர் நமக்குத் தருவது. நாளை அவரே அதை நிறுத்தலாம். தொழில் என்பது ஒரு வேலைத்தலத்தோடு முடியாமல், பல இடங்களிலும் ஒரே பெயரால் அழைக்கப்படுவது. நெசவு ஒரு தொழில், உழவு ஒரு தொழில், கொல்லு ஒரு தொழில். திறமை என்பது ஒரு தொழிலிலிருந்து மற்றொரு தொழிலுக்கும் நாம் கையோடு எடுத்துச் செல்லக்கூடியது. நிறப் பொருத்தம் அறியும் கண், அளவு பிசகாத கை, கணக்கு எழுதும் பழக்கம், நான்கு பேரை வைத்து வேலை வாங்கும் பக்குவம் ஆகியவை இத்தகையன.

வேலை போனாலும் தொழில் நிற்கும். தொழில் தளர்ந்தாலும் திறமை நிற்கும். ஆகவே ஒருவர் தமது பாதுகாப்பை வேலையில் மட்டும் வைத்திருப்பது, வீட்டிலுள்ள நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பது போலாம்.

3. ஐந்தொகை எழுதும் முறை

ஒரு தாளில் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்க. ஒவ்வொன்றிற்கும் 0, 1, 2 என மதிப்பெண் இடுக. மொத்தம் 10.

முதல் கேள்வி: இன்றுள்ள வேலை நாளை நின்றால், ஒரு மாதத்திற்குள் என் உழைப்பை அல்லது விளைபொருளை வாங்கக்கூடியவர் எத்தனை பேர்? எவரும் இல்லையெனில் 0, ஒருவரேயெனில் 1, இருவரோ அதற்கு மேலோ எனில் 2.

இரண்டாம் கேள்வி: என் வேலைக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைகள் எனக்குத் தெரியுமா? நெசவாளருக்கு முன் வேலை பாவோடுதல், சாயம், கஞ்சி. பின் வேலை மடிப்பு, தரம் பிரித்தல், விற்பனை. ஒன்றும் தெரியாதெனில் 0. ஒரு பக்கம் தெரியுமெனில் 1. இரு பக்கமும் தெரியுமெனில் 2.

மூன்றாம் கேள்வி: என் திறமையைப் புதியவர் ஒருவருக்குக் காட்டச் சான்று உண்டா? வாய்ச்சொல் மட்டுமெனில் 0. சான்றிதழ், மாதிரி இவற்றுள் ஒன்று இருப்பின் 1. இரண்டும் இருப்பின் 2.

நான்காம் கேள்வி: சென்ற 12 மாதங்களில் புதிதாக எதைக் கற்றேன்? எதுவுமில்லையெனில் 0, கற்றும் பழக்கத்திற்கு வரவில்லையெனில் 1, கற்றதைக் கொண்டு வேலை செய்திருப்பின் 2.

ஐந்தாம் கேள்வி: இதே வேலையை என் உடல் இன்னும் பத்து ஆண்டுகள் தாங்குமா? தாங்காதெனில் 0, ஐயமெனில் 1, தாங்குமெனில் 2. குழித்தறியில் அமர்ந்து கால் வலியும் கண் மங்கலும் கண்டவர் இக்கேள்விக்குப் பொய் விடை எழுதலாகாது. தமக்குத் தாமே பொய்க் கணக்குக் காட்டுவதால் எவருக்கும் லாபமில்லை.

மொத்தம் 4க்குக் குறைந்தால் ஆபத்து அருகில் உள்ளது எனக் கொள்க. 5 முதல் 7 வரை இருப்பின் திருத்தத்திற்குக் காலம் உண்டு. 8க்கு மேல் வந்தோர் தமது அறிவைப் பிறருக்குக் கற்பிக்க முன்வர வேண்டும். கற்பிப்பதும் ஒரு திறமையே.

4. மூன்று மாதிரிக் கணக்குகள்

பாடம் விளங்கும்பொருட்டு மூன்று பேரைக் கற்பனையாகக் கொள்வோம்.

முதலாமவர், முத்தியால்பேட்டைப் பக்கத்து நெசவாளர், வயது 45. ஒரே நம்பர் நூலில் லுங்கி நெய்கிறார். நூல் தருவதும் துணி பெறுவதும் சங்கமே. ஆகவே முதல் கேள்விக்கு 1. பாவு வேலை தெரியும், விற்பனை தெரியாது, இரண்டாவதற்கு 1. சான்று இல்லை, 0. புதிதாகக் கற்கவில்லை, 0. உடல் ஐயம், 1. ஆக மொத்தம் 3. இவர் ஓராண்டில் டாபி கட்டி நெய்யப் பழகி, அதில் நான்கு உருப்படி நெய்து கொடுக்கிறார். தாம் நெய்த ஒவ்வொரு வகையிலும் ஒரு சாண் துண்டை வெட்டி, நூல் நம்பர், அச்சு, சாயம் ஆகியவற்றைக் குறித்து ஒரு மாதிரிப் புத்தகம் ஒட்டுகிறார். பயிற்சிச் சான்றிதழும் பெறுகிறார். தரம் பிரிக்கும் நாளில் சங்க விற்பனைக் கூடத்தில் அமர்ந்து வாங்குவோர் கேட்பதைக் கவனிக்கிறார். இப்போது அவருடைய கணக்கு: 1, 2, 2, 2, 1, மொத்தம் 8. ஆயினும் முதல் கேள்வியின் விடை 1 என்றே நிற்பதைக் காண்க. வாங்குவோரைப் பெருக்குவது தனி மனிதரால் மட்டும் ஆகும் காரியமன்று. அது சங்கத்தின் பொறுப்பு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாமவர், அதே வீட்டின் பெண். தார் சுற்றுகிறார், பாவு பிணைக்கிறார், கணவர் சந்தைக்குச் சென்ற நாளில் தறியிலும் அமர்கிறார். ஆனால் கூலிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறி நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35 லட்சத்திற்கு மேற்பட்டோர் உள்ளனர். நெசவாளரில் நூற்றுக்கு 72 பேருக்கு மேல் பெண்கள். அவ்வாறிருக்க, வீட்டிற்கு ஓர் ஐந்தொகை போதும் என்று கணவர் மட்டும் எழுதுவது முறையன்று. அவரது தாள் வேறு. இவரது தாள் வேறு. இவருக்கு முதலில் வேண்டுவது தம் பெயரில் நெசவாளர் அடையாள அட்டையும், சங்கத்தில் தனி அங்கத்தினர் பதிவும், தம் பெயரில் கூலிச் சிட்டையும் ஆகும். பெயரில்லாத திறமைக்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை.

மூன்றாமவர், பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிறு விவசாயி. நெல்லும் மணிலாவும் இடுகிறார். விளைவை வாங்குவார் இருவர் உண்டு, 2. ஆனால் விதை நேர்த்தியும் தெரியாது, அறுவடைக்குப் பின் தரம் பிரிப்பும் தெரியாது, 0. சான்று இல்லை, 0. மண் பரிசோதனை பற்றிக் கேட்டார், செய்யவில்லை, 1. உடல் நலம், 2. மொத்தம் 5. இவர் விதை நெல் உற்பத்தி முறையைக் கற்று, பதிவுபெற்ற விதைப்பண்ணையாளர் ஆவாராயின், அதே நிலத்தில் விளையும் அதே நெல் உணவுத் தானியமாக மட்டுமன்றி விதையாகவும் விலை பெறும். பம்புசெட்டு மோட்டார் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டால், மழை பொய்த்த ஆண்டிலும் கைக்கு வேலை உண்டு.

5. கற்பதற்கு இடமும் நேரமும்

“கற்க எங்களுக்கு நேரம் ஏது?” என்று கேட்பர். நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்குக. ஆண்டில் 300 நாட்கள் எனக் கொண்டால் 150 மணி ஆகிறது. எட்டு மணிக் கணக்கில் ஏறத்தாழ 19 வேலை நாட்கள். 1936இல் உயிர் கொடுத்துப் பெற்றது இந்த நேரத்தையே. அதில் ஒரு சிறு பங்கைக் கல்விக்குச் செலவிடுவது அத்தியாகத்திற்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும்.

இடத்திற்கும் குறைவில்லை. இந்தியாவிலேயே முதலாவதான வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது நமது புதுச்சேரியில்தான். குரும்பாப்பேட்டையில் உள்ள அந்நிலையத்தில் மண், விதை, கால்நடை, காய்கனிப் பதம் பற்றிய பயிற்சிகளைப் பெறலாம். நெசவாளர்க்குக் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் நெசவாளர் சேவை மையங்கள் உண்டு. அங்கே சாயம், வடிவமைப்பு, தறித் திருத்தம் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. பிள்ளைகளைப் பட்டயப் படிப்புக்கு அனுப்ப விரும்புவோர்க்கு 1960இல் நிறுவப்பட்ட சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. ஏட்டுப் படிப்பின்றித் தொழிலைக் கையாலே கற்றவர்க்கும், அவர் அறிந்ததைச் சோதித்துச் சான்றிதழ் அளிக்கும் முறை 2015 முதல் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. மேலே கண்ட மூன்றாம் கேள்விக்கு இது நல்ல விடை.

எதைக் கற்பது என்று தெரிந்தெடுக்கையில் ஒரு விதியைக் கைக்கொள்க: இன்றைய வேலைக்கு அடுத்த வீட்டு வேலையை முதலில் கற்க. நெசவாளர் திடீரெனத் தச்சராக வேண்டியதில்லை. சாயத்தையோ வடிவமைப்பையோ விற்பனையையோ கற்கலாம். பாதி அறிவு முன்னரே கையில் இருப்பதால் மீதிப் பாதியைக் கற்பது எளிது.

பழைய திறமையைக் குப்பை என்று எறிந்துவிடவும் வேண்டா. செயற்கை நீலத்தால் வீழ்ந்த அவுரி இன்றும் திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் பயிராகிறது. இயற்கைச் சாயத் துணியை விரும்பி வாங்குவோர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ளனர். ஆரோவில்லிலும் அவுரித் தொட்டியில் சாயம் தோய்க்கும் பட்டறை உண்டு. குறைவாக இருப்பது தொட்டியின் பதம் அறிந்த கைகளே. ஒரு தலைமுறையில் விலை போகாதது அடுத்த தலைமுறையில் அருமையாவதுண்டு. ஆதலால் முதியோர் அறிந்த முறைகளைச் சங்கம் ஒரு நோட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

6. சட்டம் என்னும் வேலி

கைத்தறிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்க நமக்கு என்ன கவலை என்பாரும் உண்டு. 1985இல் நிறைவேறிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ்த் தொடக்கத்தில் 22 வகைகள் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. வேலி இருப்பது நன்றே. அதைக் காக்கப் போராடுவதும் நன்றே. ஆனால் வேலி சுருங்கும்போது பயிர் தானே வேர் ஊன்றி நிற்க வேண்டுமன்றோ? நெசவாளரது வேர் அவரது திறமையே.

7. சங்கத்தின் கடமை

தனி மனிதர் தம்மைத் திருத்திக்கொண்டால் போதும் என்று முடித்துவிட்டால் இப்பாடம் பாதிப் பாடமே. இங்கிலாந்தில் 1844இல் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை தொடங்கியபோது, அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். விசைத்தறியால் தொழில் நலிந்தவர் நிறைந்த ஊர் அது. மாவும் சர்க்கரையும் விற்ற அக்கடையினர், சில ஆண்டுகளிலேயே லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர், நூல்நிலையமும் வைத்தனர். 1995இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் வெளியிட்ட ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் அளித்தல் என்பதே.

ஆகவே நமது சங்கங்கள் செய்ய வேண்டியன மூன்று. முதலாவது, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அங்கத்தினர் பயிற்சிக்குத் தனித் தொகை காட்டுதல். பயிற்சிக்குச் செல்லும் நாளின் கூலி இழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யாமல் “போய்க் கற்று வாருங்கள்” என்பது வெறும் உபதேசமாகும். இரண்டாவது, ஒரே வாங்குவோரை நம்பியிராமல், விற்பனையில் எத்தனை பங்கு எவரிடம் செல்கிறது என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடுதல். கினே துணியின் கதை மறக்கத்தக்கதன்று. மூன்றாவது, அங்கத்தினர் ஒவ்வொருவரின் திறமையையும் குறித்த ஒரு பதிவேடு வைத்தல். புதிய ஆணை வரும்போது, ‘இதை நெய்ய வல்லார் யார்?’ என்று தேட வேண்டிய நிலை இராது.

8. முடிவுரை

கடலூர்ச் சாலை வழியே செல்வோர் மூடிய ஆலைக் கதவுகளைக் காண்கின்றனர். அக்கதவுகளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோரின் வாழ்வு சுழன்றது. அவர்களை நினைத்து வருந்துவதோடு நில்லாமல், அடுத்த கதவு மூடுமுன் ஆயத்தமாவது நம் கடமை. ஓர் இரவு விளக்கடியில் அமர்ந்து ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத ஒரு நாழிகை போதும். மதிப்பெண் குறைந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. நஷ்டத்தை மறைத்த சங்கமே அழியும், நஷ்டத்தைக் கண்டறிந்த சங்கம் பிழைக்கும். மனிதருக்கும் அதுவே விதி. தாளில் தேதியிட்டுப் பத்திரப்படுத்துக. அடுத்த ஆண்டு இதே மாதம் எடுத்து ஒப்பிடுக.

படிப்பு வட்டத்தில் ஆலோசனைக்குரிய கேள்விகள்

1. வேலை, தொழில், திறமை ஆகியவற்றின் வேறுபாட்டை உமது சொந்த வேலையைக் கொண்டு விளக்குக.

2. உமது ஐந்து கேள்விகளுள் மிகக் குறைந்த மதிப்பெண் எதற்கு வந்தது? அதை ஓர் எண் உயர்த்த ஆறு மாதத்தில் என்ன செய்யலாம்?

3. உமது வீட்டில் உழைத்தும் கூலிப் பட்டியலில் பெயர் இல்லாதவர் யார்? அவரைச் சங்கத்தில் சேர்க்கத் தடை யாது?

4. நமது சங்கத்தின் சரக்கில் எத்தனை பங்கு ஒரே வாங்குவோரிடம் செல்கிறது? செயலாளரிடம் கேட்டறிந்து அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க.